புழு தின்னாத மக்காச்சோளம் உண்டா?

பயிரிலே புழு விழுந்தால் உழவன் பதறுவான். மருந்துக் கடைக்கு ஓடுவான். இது உலகம் எங்கும் நடப்பதுதான்.

ஆனால், புழுவைத் தீனி போட்டு வளர்த்து, அதைக் கொண்டு வந்து பயிரின் மேலேயே விடுகிற இடமும் உலகில் இருக்கிறது!

ஆப்பிரிக்காவிலே, கென்யா நாட்டிலே, கிபோகோ என்று ஓர் ஊர். அங்கே ஓர் ஆராய்ச்சிப் பண்ணை. வலை கட்டிய பெரிய பெரிய கூடாரங்கள். கூடாரத்துக்குள்ளே வரிசை வரிசையாக மக்காச்சோளச் செடிகள். செடி சற்றே வளர்ந்ததும், அப்போதுதான் பொரித்த புழுக்களை எடுத்துக் குருத்திலே விடுகிறார்கள். விட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

பிறகு ஒவ்வொரு செடியையும் பார்த்து மார்க்குப் போடுகிறார்கள். கடி படாத செடிக்கு 1 மார்க்கு. அடியோடு நாசமான செடிக்கு 9 மார்க்கு. பள்ளிக்கூடத்திலே அதிக மார்க்கு வாங்கிய பிள்ளைதான் கெட்டிக்காரப் பிள்ளை. இங்கேயோ, குறைந்த மார்க்கு வாங்கிய செடிதான் கெட்டிக்காரச் செடி!

ஒரே மண். ஒரே தண்ணீர். ஒரே புழு. அப்படியிருந்தும் ஒரு வரிசைச் செடிகள் கந்தலாகி நிற்கின்றன. பக்கத்து வரிசைச் செடிகள் இரண்டொரு ஓட்டைகளோடு தலை நிமிர்ந்து நிற்கின்றன. காரணம் ஒன்றே ஒன்று. விதை வேறு, ரகம் வேறு.

அந்த ரகத்துக்குள்ளே அப்படி என்ன இருக்கிறது? அதைத் தேடித்தான் விஞ்ஞானிகள் நூறு ஆண்டுகளாக வயலிலும் ஆராய்ச்சிக் கூடத்திலும் பாடுபட்டு வருகிறார்கள்.

கடல் கடந்து வந்த படை

கிபோகோவில் விடப்படும் புழுவின் பெயர் படைப்புழு. நம் ஊர் உழவர்களுக்கும் இப்போது இது தெரிந்த பெயர்தான்.

இதன் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். 2016-ம் ஆண்டில் ஆப்பிரிக்காவில் காணப்பட்டது. 2018-ல் இந்தியாவுக்கு வந்துவிட்டது. முதலில் கர்நாடகத்தில் கண்டார்கள். அதே ஆண்டிலே தமிழ்நாட்டில் பெரம்பலூர், அரியலூர், சேலம் முதலிய மாவட்டங்களின் மக்காச்சோள வயல்களில் புகுந்து பெரும் சேதம் விளைவித்தது.

இதன் தாய் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர் கூடப் பறக்கும். ஒரு பூச்சி ஆயிரம் முட்டைக்கு மேல் இடும். இரண்டு மூன்று நாளிலே முட்டை பொரிந்துவிடும். சின்னப் புழு முதலில் இலையைச் சுரண்டித் தின்னும். கொஞ்சம் வளர்ந்ததும் குருத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் கழிவு, மரத்தூளைப் போலக் குருத்தை அடைத்துக்கொள்ளும். அப்புறம் மேலே தெளிக்கிற மருந்து உள்ளே போவது கடினம்.

நம் நாட்டில் மக்காச்சோளத்தின் பெரும் பங்கு கோழித் தீவனத்துக்குப் போகிறது. மக்காச்சோளம் விலை ஏறினால், வீட்டு அடுப்பங்கரையில் முட்டை விலையும் ஏறும். கென்யாவிலோ அது நேரே மனிதனின் சோறு. மக்காச்சோள மாவைக் களியாகக் கிண்டி, ‘உகாலி’ என்று சொல்லித் தினமும் உண்கிறார்கள். அங்கே பயிர் போனால், வேளைக்கு உணவே போய்விடும்.

மருந்து அடிக்கலாமே என்று கேட்கலாம். அடிக்கலாம். அதற்குக் காசு வேண்டும். ஒரு தடவை அடித்தால் தீராது. அடிக்கிறவர் உடம்பையும் பார்க்க வேண்டும். அதோடு, இந்தப் புழு பல மருந்துகளுக்கு ஏற்கெனவே பழகிவிட்டது. ஆகவே, விதைக்குள்ளேயே ஒரு காவல்காரன் இருந்தால் எவ்வளவு நல்லது!

மூன்று வகைக் காவல்

இப்படிப்பட்ட காவல் மூன்று வகை என்று அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ரெஜினால்டு பெயின்டர் என்ற அறிஞர் வகுத்துச் சொன்னார். 1951-ல் அவர் எழுதிய நூல் இந்தத் துறைக்கே அடிப்படையாயிற்று.

அழையாத விருந்தாளி ஒருவன் வீட்டுக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனைச் சமாளிக்க மூன்று வழி உண்டு. முதல் வழி, வாசலைப் பார்த்ததுமே அவனுக்குப் பிடிக்காமல் போகும்படி செய்வது. இரண்டாவது வழி, சாப்பாடு போடுவது. ஆனால் அது அவனுக்கு ஒத்துக்கொள்ளாத சாப்பாடு. மூன்றாவது வழி, அவன் தின்றது போக நமக்கும் மிஞ்சும்படி நிறையச் சமைத்து வைப்பது.

மக்காச்சோள ரகங்களிலும் இந்த மூன்று வகையும் உண்டு.

சில ரகங்களின் இலை தடித்து நார் நிறைந்திருக்கும். பிறந்த குஞ்சுப் புழுவின் மெல்லிய தாடைக்கு அது கடிபடாது. சில ரகங்களின் இலையில் மயிர் அடர்ந்திருக்கும். அதன் மேல் முட்டையிடத் தாய்ப்பூச்சி தயங்கும். இது முதல் வகை.

வேர்ப்புழு வேரைக் கடித்தாலும் மளமளவென்று புதுவேர் விட்டு நிமிர்ந்து நிற்கும் ரகங்களும் உண்டு. இது மூன்றாவது வகை.

நடுவிலே உள்ள இரண்டாவது வகைதான் மிகவும் அதிசயமானது.

இலைக்குள்ளே இருக்கும் நஞ்சு

1917-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்கு அருகே ஒரு புதுப் புழுவைக் கண்டார்கள். அது ஐரோப்பாவிலிருந்து, துடைப்பம் செய்ய இறக்குமதியான சோளத் தட்டையோடு வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. மக்காச்சோளத் தண்டைத் துளைத்து உள்ளே குடியேறும் புழு அது. சில ஆண்டுகளிலே அது நாட்டின் உட்பகுதிகளுக்கும் பரவிவிட்டது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார்கள். சில ரகங்களின் இளஞ்செடியைத் தின்ற புழு வளரவில்லை. செத்தும் போயிற்று. காரணத்தைத் தேடிப் போன அயோவா மாநில ஆராய்ச்சியாளர்கள் 1967-ல் இலைக்குள் இருந்த ரசாயனப் பொருளை அடையாளம் காட்டினார்கள். அதன் பெயர் டிம்போவா.

மஞ்சள் தனியே இருக்கும்போது மஞ்சள் நிறம். சுண்ணாம்பு தனியே இருக்கும்போது வெள்ளை நிறம். இரண்டையும் கலந்தால் ஆரத்தி சிவப்பாகிவிடுகிறது அல்லவா? மக்காச்சோள இலையும் அப்படித்தான். நஞ்சைச் சர்க்கரையோடு கட்டி ஓர் அறையில் வைத்திருக்கிறது. அந்தக் கட்டை அவிழ்க்கும் நொதியை வேறோர் அறையில் வைத்திருக்கிறது. புழு கடித்ததும் இரண்டு அறையும் உடைகின்றன. இரண்டும் கலக்கின்றன. புழுவின் வாயிலேயே நஞ்சு பிறக்கிறது!

எல்லா ரகத்திலும் இந்தப் பொருள் ஒரே அளவில் இருப்பதில்லை. நிறைய உள்ள ரகம் தப்பிக்கிறது. குறைவாக உள்ள ரகம் அடி வாங்குகிறது.

இதிலும் ஒரு குறை உண்டு. செடி வளர வளர இந்த நஞ்சு குறைந்துகொண்டே போகும். ஆகவே, பூக்கும் சமயத்திலே வருகிற இரண்டாம் தலைமுறைப் புழுவை இது தடுப்பதில்லை. இன்னொரு சங்கதியும் உண்டு. நம் படைப்புழு இருக்கிறதே, அது மகா தந்திரசாலி. அவிழ்ந்த நஞ்சை மறுபடியும் சர்க்கரையோடு வேறு விதமாகக் கட்டிப்போட்டு, தீங்கில்லாமல் வெளியே தள்ளிவிடுகிறது!

செடி ஒரு பூட்டுப் போட்டால், புழு ஒரு சாவி செய்கிறது. அப்படியானால் வேறு பூட்டு வேண்டும்.

வயிற்றைக் கிழிக்கும் புரதம்

அந்த வேறு பூட்டு, பெரிய பெரிய பண்ணைகளில் கிடைக்கவில்லை. கரீபியன் கடலில் ஆன்டிகுவா என்ற சின்னஞ்சிறு தீவு உண்டு. அந்தத் தீவு மக்கள் தலைமுறை தலைமுறையாக விதைத்து வந்த நாட்டு மக்காச்சோளத்தில்தான் அது ஒளிந்திருந்தது.

அந்தத் தீவிலே படைப்புழு காலங்காலமாக உண்டு. மருந்தடிக்க வழியில்லாத பயிர், தானாகவே போராடப் பழகியிருந்தது.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து விஞ்ஞானிகள் ஆன்டிகுவா விதையின் வழியிலே பல ஆண்டுகள் தேர்ந்தெடுத்து, 1990-ல் ‘எம்பி 708’ என்ற விதை வழியை வெளியிட்டார்கள். அதைத் தின்ற புழு மெலிந்து குன்றிப் போயிற்று.

ஏன் என்று பார்த்தார்கள். புழு கடித்த ஒரு மணி நேரத்துக்குள்ளே அந்தச் செடியின் குருத்தில் ஒரு புரதம் வந்து குவிகிறது. நமக்கு வயிற்றின் உள்ளே மெல்லிய படலம் இருப்பது போல, புழுவின் உணவுக் குழாயிலும் ஒரு படலம் உண்டு. இந்தப் புரதம் அந்தப் படலத்தைப் பொத்தல் பொத்தலாக்கிவிடுகிறது. படலம் கிழிந்த புழு எவ்வளவு தின்றாலும் தேறுவதில்லை. 2002-ல் நுண்ணோக்கியின் கீழே இந்தப் பொத்தல்களைப் படமெடுத்தே காட்டினார்கள்.

பட்டிலே பதுங்கிய காவல்

கதிரின் நுனியில் பட்டு நூலைப் போல இழைகள் தொங்குமே, அங்கேயும் ஒரு போர் நடக்கிறது.

அமெரிக்காவில் கதிர்ப்புழு என்று ஒன்று உண்டு. நம் ஊரில் கடலைச் செடியையும் தக்காளியையும் துளைக்கும் பச்சைக் காய்ப்புழுவுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. அதன் தாய், இந்தப் பட்டிழை மேல் முட்டையிடும். பொரித்த புழு இழையைத் தின்றுகொண்டே இறங்கி மணிக்குப் போய்ச் சேரும்.

தெற்கு மெக்சிகோவிலே, ஓவாஹாகா என்ற பகுதியிலே, ‘சப்பலோத்தே சீகோ’ என்று ஒரு நாட்டு ரகம் உண்டு. அதன் கதிர் சிறியது. ஆனால் கதிரை மூடிய உறை இறுக்கமானது. அந்த இறுக்கத்தில் புழு நுழைவதே பாடு. நுழைந்தாலும் இழையிலே மேசின் என்ற பொருள் காத்திருக்கிறது. 1979-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். மேசின் நிறைந்த இழையைத் தின்ற புழு வளர்ச்சி குன்றிப் போகிறது. உறை ஒரு மதில். இழை ஓர் அகழி. இரண்டும் சேர்ந்துதான் கோட்டை!

வாசனையால் ஆள் அனுப்பும் செடி

திருடன் வந்தால் என்ன செய்வோம்? கூச்சல் போட்டு ஊரைக் கூட்டுவோம். செடிக்கு வாய் இல்லை. ஆனால் மணம் இருக்கிறது.

1990-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு விந்தையை வெளியிட்டார்கள். புழு கடித்த மக்காச்சோள இளஞ்செடி ஒரு வாசனையை வெளியே விடுகிறது. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு சின்னஞ்சிறு குளவிகள் வந்து சேர்கின்றன. குளவி புழுவின் உடலுக்குள் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வந்த குஞ்சு, புழுவையே உள்ளிருந்து தின்றுவிடுகிறது. கத்தியால் இலையை வெட்டினால் மட்டும் அந்த வாசனை அவ்வளவாக வராது. புழுவின் எச்சில் பட வேண்டும்!

மண்ணுக்கடியிலும் இதே கதை உண்டு. வேர்ப்புழு கடித்தால் வேர் ஒரு மணப்பொருளை விடுகிறது. நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் மிளகிலும், கிராம்பிலும் உள்ள அதே மணப்பொருள்தான் அது. மண்ணில் வாழும் நூற்புழுக்கள் அந்த மணத்தை நோக்கி வந்து வேர்ப்புழுவைக் கொல்கின்றன.

2005-ல் இதைக் கண்டுபிடித்தவர்கள் வருந்தத்தக்க ஒரு செய்தியையும் சொன்னார்கள். ஐரோப்பாவின் பல ரகங்களுக்கு இந்த மணம் உண்டு. மக்காச்சோளத்தின் மூதாதையான காட்டுப் புல்லுக்கும் உண்டு. ஆனால் அவர்கள் சோதித்த வட அமெரிக்க ரகங்கள் இந்த மணத்தை இழந்துவிட்டன! கதிர் பெரிதா, மணி நிறையவா என்று பார்த்துப் பார்த்து விதை தேர்ந்தார்கள். வேரின் வாசனையை யார் மோந்து பார்த்தார்கள்? ஒருவருக்கும் தெரியாமலே ஒரு சொத்து கைநழுவிப் போய்விட்டது.

பிறகு 2009-ல், பிட்சாவின் மேல் தூவும் ஆரிகானோ என்ற மூலிகையின் மரபணு ஒன்றை எடுத்து, மணம் இழந்த ரகத்திலே சேர்த்துப் பார்த்தார்கள். மணம் திரும்பியது. நூற்புழுக்களும் வந்தன. வேரின் சேதமும் குறைந்தது.

குதிருக்குள்ளும் போர்

அறுவடையோடு சண்டை முடிந்துவிடுவதில்லை. சேமித்து வைத்த தானியத்தில் கூன்வண்டு விழுகிறது. மணியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துளையை அடைத்துவிட்டுப் போகிறது. வெளியே பார்த்தால் நல்ல மணி. உள்ளே வெறும் தூள்.

இங்கேயும் ரகத்துக்கு ரகம் வித்தியாசம் உண்டு. கண்ணாடி போலப் பளபளக்கும் கெட்டி மணியை வண்டு எளிதில் துளைக்க முடியாது. மாவுப் பதமான மெதுமணிதான் அதற்குக் கொண்டாட்டம்.

மலாவி என்ற ஆப்பிரிக்க நாட்டில் இது பெரிய பாடமாயிற்று. விளைச்சல் மிகுந்த வீரிய ஒட்டு ரகங்களை அங்கே கொண்டு வந்தார்கள். அவை மெதுமணி ரகங்கள். வீட்டிலே உரலில் இடிக்கிற பெண்களுக்கு அவை பிடிக்கவில்லை. இடித்தால் மாவு குறைகிறது. வைத்தால் வண்டு விழுகிறது. கெட்டி மணியுள்ள நாட்டு ரகத்தையே அவர்கள் விரும்பினார்கள். நிபுணர்கள் யோசித்தார்கள். 1990-ல் ‘எம்.எச். 17’, ‘எம்.எச். 18’ என்று, மணியும் கெட்டி, விளைச்சலும் நிறைவு என்றிருக்கும் இரண்டு ஒட்டு ரகங்களைத் தந்தார்கள். உலக்கை பிடித்த கைகளின் தீர்ப்பு, ஆராய்ச்சியின் திசையையே மாற்றிவிட்டது!

ஒரே பூட்டை நம்பலாமா?

1996-ல் அமெரிக்காவில் ஒரு புது முறை வந்தது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை மக்காச்சோளத்தில் புகுத்தினார்கள். இதற்கு பி.டி. மக்காச்சோளம் என்று பெயர். தண்டுத் துளைப்பான் அதைத் தின்றால் செத்தது. பெரும் வெற்றி!

ஆனால் வெற்றி எல்லா இடத்திலும் நிலைக்கவில்லை. 2006-ல் போர்ட்டோ ரிக்கோ தீவில், ஒரு பி.டி. ரகத்தைப் படைப்புழு சாவதானமாகத் தின்றது. தென்னாப்பிரிக்காவில் ஒரு தண்டுத் துளைப்பான் இன்னொரு பி.டி. ரகத்தை வென்றுவிட்டதாக 2007-ல் செய்தி வந்தது. வலிமையான ஒரே பூட்டை எல்லா வீட்டுக்கும் போட்டால், திருடன் ஒரே ஒரு சாவி செய்தால் போதும் அல்லவா? இந்தியாவில் இந்த முறைக்கு 2002-ல் பருத்தியில் அனுமதி கிடைத்தது, மக்காச்சோளத்தில் அல்ல.

நாட்டு ரகங்களின் எதிர்ப்புச் சக்தி வேறு விதமானது. இலைத் தடிப்பு ஒரு மரபணுவால், நஞ்சு வேறொன்றால், புரதம் இன்னொன்றால் என்று, பல சின்னச் சின்னத் தாழ்ப்பாள்கள் சேர்ந்த கதவு அது. முழுக்க அடைக்காது. ஆனால் எல்லாத் தாழ்ப்பாளையும் ஒரே நாளில் திறக்கவும் முடியாது.

அதிலே சிரமமும் உண்டு. பல மரபணுக்களை ஒரே விதையில் சேர்க்கப் பல ஆண்டுகள் ஆகும். எதிர்ப்புச் சக்தி மிகுந்த நாட்டு ரகங்கள் பெரும்பாலும் விளைச்சலில் குறைந்தவை. எதிர்ப்பைத் தேடினால் விளைச்சல் இறங்குகிறது. விளைச்சலைத் தேடினால் எதிர்ப்பு நழுவுகிறது. இந்த இரண்டு குதிரையையும் ஒரே வண்டியில் பூட்டுவதுதான் விஞ்ஞானியின் வேலை.

மெக்சிகோவில் ‘சிம்மிட்’ என்ற சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோதுமைப் புரட்சி செய்த நார்மன் போர்லாக் பணியாற்றிய நிலையம் அது. பூச்சியை எதிர்க்கும் விதை வழிகளை அங்கே பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். படைப்புழு ஆப்பிரிக்காவுக்குள் புகுந்ததும் அந்த விதைகள் கைகொடுத்தன. கிபோகோவின் வலைக் கூடாரங்களில் மார்க்குப் போட்டுத் தேறிய வழிகளைக் கொண்டு, படைப்புழுவைத் தாங்கும் மூன்று ஒட்டு ரகங்களை 2020 டிசம்பரில் அறிவித்தார்கள்.

சேர்த்து வைக்காமல் இருந்திருந்தால்? புழு வந்த பிறகு தேடத் தொடங்கியிருந்தால் இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்குமோ! அந்த நிலையத்தின் குளிரறையில் 28,000-க்கும் மேற்பட்ட மக்காச்சோள விதை மாதிரிகள் காக்கப்படுகின்றன. அவற்றுள் பல, பேர் தெரியாத உழவர்கள் தங்கள் வீட்டுப் பரணில் கட்டி வைத்திருந்த கதிரிலிருந்து வந்தவை.

உழவன் கண்ணும் வேண்டும்

புழு தின்னாத மக்காச்சோளம் உண்டா?

இல்லை. புழு அடியோடு தொடாத ரகம் இதுவரை பிறக்கவில்லை. கிபோகோவில் தேறிய ரகங்களும் கடி படுகின்றன, தாங்கிக்கொள்கின்றன. நல்ல ரகம் பாதிப் பாரத்தைச் சுமக்கும். மீதிப் பாரம் உழவனுடையது. கோடையில் ஆழ உழுதால் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு வெயிலுக்கு வெளியே வரும். கடைசி உழவில் வேப்பம் பிண்ணாக்கு இடலாம். வரப்போரம் தட்டைப்பயறும் எள்ளும் விதைத்தால் புழுவைத் தின்னும் நல்ல பூச்சிகள் தங்கும். முளைத்த முதல் சில வாரங்கள் தினமும் வயலைச் சுற்றி, இலையில் முட்டைக் குவியல் கண்டால் அப்போதே நசுக்கிவிட வேண்டும். நூறு முட்டைகளை ஒரே விரலால் ஒழிக்கிற நேரம் அதுதான்.

எந்தப் புழு நாளை எந்தக் கடல் தாண்டி வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கு உரிய பூட்டு, இன்றைக்கு எந்த ஊரில் எந்தக் கிழவியின் அடுக்குப் பானையில் இருக்கிறது என்பதும் தெரியாது. விளைச்சல் குறைவு என்று தூக்கி எறிகிற ஒரு பிடி நாட்டு விதைக்குள் அது இருக்கலாம். அந்தப் பிடி விதை தொலைந்தால், கடையில் போய் வாங்க முடியாது.